பைலியா செடி + பீங்கான் தொட்டி காம்போ: செடிக்கு 5 ஸ்டார், தொட்டிக்கு 1 ஸ்டார்

வாங்கி 14 மாசம் ஆச்சுங்க, பெட்டிய பிரிச்ச அன்னிக்கே சூப்பர்னு போடுற ரிவ்யூ இல்ல இது. கொஞ்சம் பெருசு தான், பொறுத்துக்கோங்க.

முதல்ல பேர் குழப்பம். லிஸ்டிங்ல "சைனீஸ் மணி பிளாண்ட்"னு இருக்கும், அத பார்த்துட்டு கொடியா படருமே அந்த மணி பிளாண்ட்னு நினைச்சு ஆர்டர் போட்டுடாதீங்க, அது வேற இது வேற. இது பைலியா பெபரோமியாய்டீஸ். இலை காசு மாதிரி வட்டமா இருக்கும், காம்பு இலையோட ஓரத்துல சேராம அடிப்பக்கம் உள்ள தள்ளி வந்து ஒட்டும், மேல இருந்து பார்த்தா அந்த எடத்துல வெளிர்நிறத்துல ஒரு புள்ளி தெரியும், ஒவ்வொரு இலையும் குட்டி குடை விரிச்ச மாதிரி. பெபரோமியா பாலிபாட்ரியான்னு ஒண்ணு இருக்கு, அதையும் இதையும் மாத்தி புரிஞ்சிக்கிறவங்க நிறைய, அதோட இலை தடிப்பா நுனி கூரா மழைத்துளி மாதிரி இருக்கும். எனக்கு வந்தது சரியான செடி தான், ரெண்டு இலை மட்டும் டெலிவரில ஒடிஞ்சிருந்துச்சு, அத விடுங்க.

இப்ப தொட்டி. வெள்ளை பீங்கான், பார்க்க அவ்ளோ அழகு, அடியில ஓட்டை கிடையாது. அந்த ஒரு விஷயத்த லிஸ்டிங்ல எங்கயுமே சொல்லல. நானும் கவனிக்காம செடிய அதுலயே நட்டு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி ஊத்திட்டு இருந்தேன். மூணாவது வாரம் இலையெல்லாம் தொங்கிப் போச்சு, சரி தாகமா இருக்கும்னு இன்னும் கொஞ்சம் ஊத்துனேன் (ஆமா, திட்டுங்க). கீழ் இலை நாலு மஞ்சளாகி விழுந்ததுக்கு அப்புறம் தான் வெளிய எடுத்து பார்த்தேன், தொட்டி அடியில ஒரு விரல் உயரத்துக்கு தண்ணி தேங்கி சாக்கடை வாடை, வேர் பாதி பழுப்பாகி விரல்ல நசுக்குனா தோல் மட்டும் தனியா உருவிட்டு வருது. கஸ்டமர் கேர்ல கேட்டா "அது டெகரேஷன் பாட் சார், உடையாம தானே வந்துச்சு"ன்னாங்க. ரீஃபண்ட் இல்ல.

அழுகுன வேரெல்லாம் வெட்டிட்டு, ஓட்டை உள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டிக்கு மாத்துனேன், கோகோபீட் (தேங்காய் நார் தூள்) கலந்த மண்ணுல பெர்லைட் (தண்ணி தேங்காம வடிய விடுற லேசான வெள்ளை குறுணை) தாராளமா சேர்த்து. பொழைச்சிருச்சு. புது இலை வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆனா வந்துச்சு, அதுக்கு தான் அந்த 5 ஸ்டார்.

இந்த செடியில பெரிய வம்பு என்னன்னா தண்ணி கம்மியானாலும் இலை தொங்கும், அதிகமானாலும் தொங்கும், இலைய மட்டும் பார்த்து முடிவு எடுத்தா என்ன மாதிரி தான் ஆகும். தொட்டிய கையில தூக்கி பாருங்க. காஞ்சு போய் தொங்குதுன்னா தொட்டி லேசா இருக்கும், தண்ணி ஊத்துனா சில மணி நேரத்துல நிமிர்ந்துடும். கனமா இருந்தும் தொங்குதுன்னா வேர்ல தான் பிரச்சன. நான் இப்ப விரல ரெண்டு கணு வரைக்கும் மண்ணுக்குள்ள விட்டு பார்த்துட்டு, ஈரமே இல்லன்னா மட்டும் அடியில ஒழுகுற வரைக்கும் ஊத்துறேன், தட்டுல நிக்கிற தண்ணிய கொட்டிடுறேன். கிழமை கணக்கெல்லாம் வெச்சுக்கல.

வெளிச்சம் நல்லா வேணும், ஆனா உச்சி வெயில் நேரா பட்டா இலை கருகிடும். ஜன்னல்ல இருந்து தள்ளி அலமாரி மேல வெச்சப்போ புது இலையெல்லாம் கிண்ணத்த கவுத்த மாதிரி குமிஞ்சு வந்துச்சு, ஜன்னல் பக்கம் நகர்த்துன பிறகு வந்த இலைங்க தட்டையா வந்துச்சு, பழைய குமிஞ்ச இலைங்க மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே தான். அப்புறம் தொட்டிய மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ கால் சுத்து திருப்பணும், இல்லன்னா மொத்த செடியும் ஜன்னல பார்த்து சாஞ்சுடும், பின்பக்கம் வெறும் தண்டு தான் தெரியும்.

இலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா குட்டி புள்ளி வரும். நான் மாவுப்பூச்சின்னு பயந்து ஒரு வாரம் வேப்பெண்ணெய் அடிச்சேன், கடைசில நகத்தால சுரண்டி பார்த்தா உப்புத்தூள் மாதிரி உதிருது. உப்புத்தண்ணி ஊத்துனா செடி அந்த உப்ப இலை வழியா வெளிய தள்ளும், அவ்ளோ தான், ஈரத்துணில துடைச்சா போயிடும். மாவுப்பூச்சின்னா பஞ்சு மாதிரி இருக்கும், காம்பு தண்டோட சேர்ற இடுக்குல ஒளிஞ்சிருக்கும். வீட்ல பூனை நாய் இருக்கறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி, இது அதுங்களுக்கு விஷம் இல்ல.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், இத காசு குடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லங்க. செடி நல்லா வேர் விட்டதும் மண்ணுல இருந்து குட்டி குட்டியா எழும்பும், ஒரு விரல் நீளத்துக்கு வந்து நாலு இலை விட்டுச்சுன்னா கத்தியால வேரோட வெட்டி தனியா நட்டுடலாம், இல்லன்னா ஒரு கிளாஸ் தண்ணில போட்டு வேர் விடவும் வைக்கலாம். இந்த செடியோட கதையே அப்படித்தான். சீனாவோட யுன்னான்ல ஜார்ஜ் ஃபாரஸ்ட்ங்கிற ஸ்காட்லாந்து தாவர சேகரிப்பாளர் 1906ல சேகரிச்சாரு, ஆனா உலகம் பூரா பரவுனது அவரால இல்ல, 1940கள்ல நார்வே மிஷனரி அக்னார் எஸ்பெக்ரென் ஊர் திரும்பும்போது கொண்டு போன செடியால. அவர் தெரிஞ்சவங்களுக்கு குட்டி குடுக்க, அவங்க இன்னொருத்தருக்கு குடுக்கன்னு வீடு வீடா போயிருக்கு. ஜன்னல்ல எல்லாம் வளருது, ஆனா என்ன செடின்னு கேட்டா பதில் இல்ல, லண்டன்ல இருக்கிற கியூ தாவரவியல் தோட்டத்துக்கே இலைய அனுப்பி கேட்டிருக்காங்க, 1980கள்ல தான் கதை முழுசா வெளிய வந்துச்சு.

அதனால தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது இருந்தா ஒரு குட்டி கேளுங்க. "இலை கட்டிங்"னு வெறும் இலைய விக்கிறாங்களே, அத மட்டும் வாங்காதீங்க. காம்போட தண்டும் துளி சேர்ந்து வந்தா தான் செடியா வரும், இல்லன்னா வேர் விட்டுட்டு வருஷம் பூரா அதே ஒத்த இலையா நிக்கும். நான் ஒண்ண அப்படி ஏழு மாசம் வளர்த்திருக்கேன்.

என்கிட்ட இப்ப அஞ்சு குட்டி வந்துச்சு, மூணு பக்கத்து வீடு, ஆபீஸ்னு போயிடுச்சு. யாருமே கிடைக்கல வாங்கி தான் ஆகணும்னா அதே பேஜ்ல கீழ போனா தொட்டி இல்லாம செடி மட்டும்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத எடுங்க. பீங்கான் தொட்டில இப்ப பேனா பென்சில் போட்டு வெச்சிருக்கேன்.