சிடியும் வேண்டாம், பென்டிரைவும் வேண்டாம்: வன்தட்டிலிருந்தே லினக்ஸ்

சிடியில் எரித்து லினக்ஸ் போடுவதை நான் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பென்டிரைவ்கூட அவசரத்துக்குத்தான். புதிய பதிப்பு எது வந்தாலும் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இன்ஸ்டால் டிஸ்க்கும் ஒரே கோப்பாக) இறக்கி, வன்தட்டில் அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பார்ட்டிஷனில், அதாவது தனிப் பிரிவில் போட்டு, அங்கிருந்தே பூட் செய்து இன்ஸ்டால் செய்கிறேன். ஒரே நிபந்தனை, கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட் லோடர் ஒன்று ஏற்கெனவே ஓட வேண்டும். வெறும் புது டிஸ்க் என்றால் இந்த வழி செல்லாது.

விண்டோஸ் மட்டும் இருந்த கணினிகளுக்கு முன்பு ஊபி (Wubi) என்ற இன்ஸ்டாலர் இருந்தது. 2008-இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 8.04 பதிப்புடன் வந்தது. விண்டோஸ் பார்ட்டிஷனுக்குள் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதற்குள்ளேயே உபுண்டுவை வைத்துவிடும். வேண்டாம் என்றால் மற்ற மென்பொருள்களைப் போல நீக்கிவிடலாம். புதியவர்களுக்கு இதைவிட எளிதான வழி அப்போது இல்லை. ஆனால் ஹைபர்னேட் (வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது) ஆகாது, டிஸ்க் வேகம் கொஞ்சம் குறையும், கணினி திடீரென்று அணைந்தால் பாதிப்பு அதிகம். தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலம் அது. யுபிஎஸ் இல்லாத வீட்டுக்கு நான் ஊபியைப் பரிந்துரைத்ததில்லை. உபுண்டு 13.04-இல் அதை விட்டுவிட்டார்கள். யூநெட்பூட்டின் (UNetbootin) என்ற மென்பொருள் மூலமும் விண்டோஸிலிருந்தே வன்தட்டில் ஏற்றிப் பூட் செய்யலாம். பயாஸ் மூலம் எழும் பழைய கணினிகளில் அது நன்றாகவே ஓடியது.

இப்போது நான் நம்புவது க்ரப் 2 என்ற பூட் லோடரைத்தான். அதில் லூப்பேக் என்றொரு கட்டளை உண்டு. ஐஎஸ்ஓ கோப்பைத் தனி டிஸ்க் போலத் திறந்து, உள்ளே இருக்கும் கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) இனிட்ஆர்டியையும் (அது எழ உதவும் தொடக்கக் கோப்பு) ஏற்றிவிடும். கெர்னல் எழுந்ததும் க்ரப்பின் வேலை முடிந்தது. மீதிக் கோப்புகள் எங்கே என்று கெர்னலுக்குத் தெரியாது, அதனால் ஐஎஸ்ஓ இருக்கும் பாதையைக் கெர்னலை ஏற்றும் கட்டளை வரியிலும் மறுபடி எழுத வேண்டும். குழப்பமெல்லாம் இங்கேதான், ஒவ்வொரு லினக்ஸ் வகைக்கும் ஒரு சொல். உபுண்டு, மின்ட், ஃபெடோராவுக்கு 'ஐஎஸ்ஓ-ஸ்கேன்/ஃபைல்நேம்'. டெபியன் லைவுக்கு (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் பதிப்பு) 'ஃபைண்ட்ஐஎஸ்ஓ'. ஆர்ச்சுக்கு 'ஐஎம்ஜி_டெவ்', 'ஐஎம்ஜி_லூப்' என இரண்டு. க்ரப்பின் 40_கஸ்டம் கோப்பில் இவற்றை எழுதி அப்டேட்-க்ரப் என்ற கட்டளை கொடுத்தால் மெனுவில் வந்துவிடும்.

ஐஎஸ்ஓவுக்குப் பதிப்பு எண் இல்லாமல் வெறுமனே 'மின்ட்' என்று பெயர் வைத்துவிடுவேன். அடுத்த பதிப்பு வரும்போது கோப்பை மாற்றினால் போதும், மெனுவில் கை வைக்க வேண்டியதில்லை. எப்போதாவது உள்ளே இருக்கும் இனிட்ஆர்டியின் பெயரை மாற்றிவிடுவார்கள். உபுண்டு ஒரு கட்டத்தில் அதன் கடைசியில் இருந்த 'எல்இசட்'டை எடுத்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் மட்டும் ஒரு வரி திருத்தம். ஐஎஸ்ஓ வைக்கும் பார்ட்டிஷன் எக்ஸ்ட்4 வடிவத்தில் இருப்பது நல்லது. ஃபேட்32 வடிவம் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது, உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓ அதைத் தாண்டிவிட்டது. பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ உள்ள புதிய கணினியில் பெரிய ஐஎஸ்ஓவைத் திறக்கும்போது நினைவகம் போதவில்லை என்று க்ரப் நின்றால், மெனு வரிகளின் தொடக்கத்தில் க்ரப்பின் டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) மாட்யூலை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பலரும் திணறும் இடம் இன்ஸ்டாலருக்குள் இருக்கிறது. ஐஎஸ்ஓ இருக்கும் பார்ட்டிஷன் அப்போது 'ஐஎஸ்ஓடிவைஸ்' என்று மவுன்ட் ஆகி, அதாவது சிஸ்டத்தோடு இணைந்து, பயன்பாட்டில் இருக்கும். அதே டிஸ்க்கில் நீங்கள் பார்ட்டிஷனைப் பிரிக்கவோ சுருக்கவோ போனால், டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று உபுண்டுவும் மின்ட்டும் முரண்டு பிடிக்கும். டெர்மினலில் அதை வலுக்கட்டாயமாக அன்மவுன்ட் செய்யச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது வேலை செய்யும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் காலடியிலிருந்து பலகையை உருவுகிற வேலை அது, எனக்குப் பிடிப்பதில்லை. அதைவிட, இப்போது ஓடும் லினக்ஸிலேயே பார்ட்டிஷன் பிரிக்கும் மென்பொருளான ஜிபார்ட்டெடைத் திறந்து பார்ட்டிஷன்களை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். இன்ஸ்டாலரில் நாமே தேர்வு செய்யும் முறையில் போய், காலியாக வைத்த பார்ட்டிஷனை மட்டும் காட்டினால் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

டெபியன் இதில் ஒரு படி மேல். லைவ் ஐஎஸ்ஓ தேவையில்லை. 'ஹெச்டி-மீடியா' அடைவில் கிடைக்கும் கெர்னலையும் இனிட்ஆர்டியையும் வன்தட்டில் போட்டு க்ரப்பில் காட்டினால், இன்ஸ்டாலரே பார்ட்டிஷன்களைத் துழாவி ஐஎஸ்ஓவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தக் கோப்புகளும் ஐஎஸ்ஓவும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கெர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று நிற்கும். 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து வைஃபை ஓடத் தேவையான ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே வருகிறது, அந்தத் தலைவலியும் போயிற்று.

வேகத்தைப் பற்றிக் கேட்டால், டிவிடியோடு ஒப்பிடவே முடியாது. லைவ் டெஸ்க்டாப்பில் மெனு திறக்கக் காத்திருக்கும் எரிச்சல் இல்லை. பழைய சுழலும் வன்தட்டில் மட்டும், அதே தட்டில் படித்து அதிலேயே எழுதுவதால், கோப்புகள் நகலாகும் கட்டம் சற்று இழுக்கும். எஸ்எஸ்டியில் அதுவும் தெரியாது. எந்த வழியில் போட்டாலும் இறக்கிய கோப்பு முழுமையானதா என்று பார்க்கும் ஷா256 சரிபார்ப்பை விடாதீர்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு இன்ஸ்டால் நடுவில்தான் குணத்தைக் காட்டும்.

அப்புறம், முழு டிஸ்க்கையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டுமென்றால் கெர்னல் வரியில் 'டோரேம்' சேர்க்கலாம். லைவ் சிஸ்டம் முழுவதும் ரேமுக்கு ஏறிவிடும், பிறகு அந்தப் பார்ட்டிஷனைத் தைரியமாக அன்மவுன்ட் செய்யலாம். மின்ட் ஐஎஸ்ஓ 3 ஜிபி அளவில் இருப்பதால் 8 ஜிபி ரேம் போதும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் முயல வேண்டாம், அங்கே பென்டிரைவே மேல்.