சைக்கிள் கடையின் தங்க அட்டை: 2,499 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கால்கட்டு

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் கியர் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. சைக்கிளைப் பார்த்து, விலை பேசி, பில் போடும் நேரத்தில் மேஜை இழுப்பறையிலிருந்து பளபளவென்று ஓர் அட்டையை எடுத்து நீட்டினால் கொஞ்சம் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை. ஓராண்டு ஓடிவிட்டது, கணக்கை இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். வயது 53. சர்க்கரை ஏறிவிட்டது என்று மருத்துவர் நடக்கச் சொன்னார். முட்டி இடம் கொடுக்கவில்லை. அப்படியானால் சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். போன வருடம் பொங்கல் கழிந்த வாரம் கும்பகோணத்தில் ஒரு பெரிய கடைக்குப் போய் 21,500 ரூபாய்க்குக் கியர் சைக்கிள் எடுத்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே அட்டையை வேறு பெயரில் விற்கும் கடைகள் இன்னும் இருக்கலாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை யோக்கியமானவை என்று ஆகிவிடும்.

அட்டையின் விலை 2,499 ரூபாய், ஓராண்டுக்கு. நான்கு சர்வீஸ் இலவசம். பஞ்சர் எத்தனை முறை ஆனாலும் இலவசம். உதிரி பாகங்களில் 10 சதவீதம் தள்ளுபடி. வண்டி நின்றுவிட்டால் வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்கள். “இன்றிலிருந்து நீங்கள் எங்கள் உறுப்பினர், சார்” என்று கவுண்டரில் இருந்த தம்பி கை குலுக்கினான். முப்பது வருடமாக உறுப்பினர் பதிவேடு எழுதுகிற எனக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. நாலாயிரம், ஐயாயிரம் கடன் மனுவைக்கூட வரி வரியாகப் படிக்கிறவன், அந்த அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் சர்வீஸ் பிப்ரவரியில். பிரேக் கம்பி இழுத்தார்கள், கியர் சரி செய்தார்கள், சக்கரத்தில் இருந்த சிறு கோட்டத்தை எடுத்தார்கள். வேலை சுத்தம், அதில் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சைக்கிளுடன் வந்த கையேட்டைப் பார்த்தேன். முதல் மாதச் சர்வீஸ் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசம் என்று கம்பெனியே அச்சிட்டிருந்தது. ஆக, நான்கில் ஒன்று ஏற்கெனவே என்னுடையது. அதை என்னிடமே விற்றிருக்கிறார்கள்.

அடுத்த தொல்லை பங்குனியில். நம் பக்கத்துச் சாலைகள் அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சம்பா அறுப்புக்கு முன் வயலில் தெளித்த உளுந்தும் பயறும் முற்றி, செடியோடு பிடுங்கித் தார்ச் சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுக்கும். கபிஸ்தலம் சாலையில் காலை ஆறரை மணிக்கு அந்த உளுந்துச் செடிக்குள் இறங்கினேன். பழைய சைக்கிளாக இருந்தால் சரசரவென்று போய்விடும். கியர் சைக்கிளில் பின்சக்கரத்துக்குக் கீழே கியர் மாற்றும் கருவி தொங்குகிறது. ஒரு கொடி அதில் சிக்கியது, மிதித்தேன், இன்னும் நாலு கொடி சுருட்டிக்கொண்டு உள்ளே போனது, ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தக் கருவியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு முறிந்துவிட்டது. அது முறிவதற்கென்றே மெல்லியதாகச் செய்யப்படுவது. அது முறியாவிட்டால் சட்டம் வளையும். அதனால் அதை நொந்துகொள்ளவில்லை.

அட்டை இருக்கிறதே என்று தைரியமாகக் கடைக்குப் போன் செய்தேன். வண்டி எடுக்க வருவது கடையிலிருந்து 8 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மட்டும் என்றார்கள். பாபநாசம் 15 கிலோமீட்டர். விற்கும்போது என் முகவரியை அவர்கள்தான் எழுதினார்கள். லோடு ஆட்டோவில் 500 ரூபாய் கொடுத்து ஏற்றிப் போனேன். ஹேங்கர் 350 ரூபாய். அது ‘நெட் விலை’ பொருளாம், தள்ளுபடி கிடையாது. மாட்டும் கூலி 250. கூலிதான் இலவசமாயிற்றே என்றேன். இது சர்வீஸ் இல்லை, விபத்து, சார் என்றான் தம்பி. உளுந்துச் செடி மோதிய விபத்தை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அப்போதுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்டும் தெரியாத எழுத்தில் பதினோரு நிபந்தனைகள். கடைசி வரி: கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

இங்கே என் முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாபநாசம் ரயிலடிப் பக்கம் ஒரு பாய் நாற்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு கொக்கி, ஒரு அலுமினியத் தொட்டி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி எத்தனையோ அவர் கையால் முடுக்கப்பட்டுத்தான் ஓடுகிறது. பஞ்சர் ஒட்ட 40 ரூபாய், எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டும் ஓவராயிலுக்கு 500 ரூபாய். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவரிடம்தான் காற்றடித்தேன். அட்டை வாங்கிய பிறகு அவர் கடைப் பக்கம் ஒதுங்கவே இல்லை. ஏற்கெனவே காசு கட்டியாயிற்றே, அதை விட்டுவிட்டு இங்கே ஏன் 40 ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு. லோடு ஆட்டோவில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போன அன்று அவர் கடையைத் தாண்டித்தான் போனோம். தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

பஞ்சருக்கு வருகிறேன். மே மாதம் ஆற்றங்கரைச் சாலையில் சீமைக்கருவேல முள் ஏறியது. கும்பகோணத்துக்கு வேலையாகப் போன பையன் ஒருவன் மூலம் சக்கரத்தை மட்டும் கழற்றி அனுப்பினேன். ஒட்டிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கமில்லை, புது டியூப்தான் போடுவோம், போடும் கூலிதான் இலவசம் என்று பதில் வந்தது. டியூப் 320, தள்ளுபடி போக 288. நவம்பர் மழையில் மறுபடி ஒரு முறை, மறுபடி 288. அதே அளவு டியூப் கடைத்தெருவில் 190 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உறையில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதற்கான எல்லைதான். அந்த விலைக்கே விற்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலான சில்லறைக் கடைகள் குறைத்துத்தான் கொடுக்கின்றன. இந்தக் கடை அந்த எல்லையில் நின்றுகொண்டு 10 சதவீதம் கழிக்கிறது.

என்னை உண்மையில் எழுத வைத்தது ஆகஸ்டில் நடந்தது. இரண்டாவது இலவச சர்வீஸ். கூலி இல்லை, ஆனால் கிரீஸ், கழுவும் மருந்து என்று 280 ரூபாய். சரி, தொலையட்டும். பத்து நிமிடத்தில் உள்ளிருந்து மெக்கானிக் பையன் வந்து, “செயின் நீண்டுவிட்டது, சார். மாற்றாவிட்டால் ஃப்ரீவீலும் போய்விடும்” என்றான். அப்போது வண்டி ஓடியிருந்தது சுமார் 1,100 கிலோமீட்டர். விலை கேட்டேனா? இல்லை. தள்ளுபடி உண்டல்லவா என்று மட்டும் கேட்டேன். உண்டு என்றான். 850 ரூபாய் செயின் 765-க்கு வந்தது. என்ன தோன்றியதோ, பழைய செயினைக் கொடு என்றேன். பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்.

அதை எடுத்துக்கொண்டு நேரே பாயிடம் போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. செயினை மண்ணெண்ணெயில் போட்டு அலசினார், துணியால் துடைத்தார், சுவரில் இருந்த ஆணியில் தொங்கவிட்டார். பிறகு பனியனுக்குள்ளிருந்து ஒரு அடி இரும்பு ஸ்கேலை எடுத்தார். செயினில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடைவெளி அரை அங்குலம். ஒரு முளையின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, இருபத்து நான்கு கண்ணி எண்ணினால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் முளை நிற்க வேண்டும். தேயத் தேய அது கீழே இறங்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் இறங்கிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு இறங்கிவிட்டால் ஃப்ரீவீல் என்ற பின்பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். இதை அவர் எனக்கு விளக்கிக்கொண்டே கட்டைவிரல் நகத்தை முளையின் மேல் வைத்தார். நகம் 12-ஆவது கோட்டிலேயே நின்றது. மயிரிழை இறங்கியிருக்கலாம்.

“இன்னும் இரண்டு போகம் ஓடும், தம்பி” என்று கழற்றி என் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அட்டையால் எனக்குக் கிடைத்தது: இரண்டு டியூபில் 64 ரூபாய், செயினில் 85, ஆகஸ்டு சர்வீஸ் கூலி 450. மொத்தம் 599 ரூபாய். அதிலும் அந்த 85 தேவையே இல்லாத செயினுக்கானது. கட்டியது 2,499. நான்கு சர்வீஸையும் விடாமல் செய்திருந்தாலும், முதல் சர்வீஸ் கம்பெனி கொடுத்தது என்பதால், மூன்று கூலி 1,350 ரூபாய்தான் வரவு. தள்ளுபடியால் மட்டும் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் ஓராண்டில் 24,990 ரூபாய்க்கு உதிரி பாகம் வாங்க வேண்டும். சைக்கிளின் விலையே 21,500. அட்டை, டியூப், செயின், கிரீஸ், ஹேங்கர் எல்லாம் சேர்ந்து அந்த ஆண்டு கடைக்கு நான் கொடுத்தது 4,720 ரூபாய், லோடு ஆட்டோ வாடகை நீங்கலாக.

என் அக்கா மகன் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இருக்கிறான். அவனும் ஒரு கடையில் உறுப்பினர். அங்கே சைக்கிளும் விற்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள். ஆர்.இ.ஐ. என்று பெயர். 1938-இல் மலையேறும் 23 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு. ஒருமுறை 30 டாலர் கட்டினால் ஆயுளுக்கும் உறுப்பினர். முழு விலைக்கு வாங்கிய பொருள்களில் 10 சதவீதம் வரை அடுத்த ஆண்டு திரும்பி வருகிறது. நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்கும் உண்டு. அவன் சொன்னபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் சங்கத்தில் பங்குத் தொகை கட்டிய விவசாயிக்கு வாக்கு இருக்கிறது, பேரவைக் கூட்டத்தில் எழுந்து என்னைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள். கும்பகோணத்துக் கடையில் எனக்கு என்ன இருந்தது? ஆண்டுக்கொரு முறை கட்டணம் கட்டும் உரிமை. உறுப்பினர் என்ற சொல்லைக் கேட்டு மயங்கியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த உரிமையையும் நான் கேட்காமலே நீட்டித்தார்கள். இந்த ஜனவரியில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: நாளை உங்கள் கணக்கிலிருந்து 2,499 ரூபாய் எடுக்கப்படும். சென்ற ஆண்டு கடையில் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டபோது, நான் ஒப்புக்கொண்டது ஒரு முறைக் கட்டணத்துக்கு இல்லை, ஆண்டுதோறும் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோபே ஏற்பாட்டுக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படி எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் தர வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய் வரை ரகசிய எண் மறுபடி கேட்காமலே எடுக்கலாம். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து நாமே ரத்து செய்துவிடலாம். கடையின் சம்மதம் தேவையில்லை. நான் ரத்து செய்தேன். நீங்களும் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். நான் திறந்தபோது என் மகள் எப்போதோ சேர்ந்த ஓர் இணைய வகுப்பும் அங்கே உட்கார்ந்திருந்தது.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில்கள், அட்டையின் பின்பக்கம், ஸ்கேலோடு தொங்கும் செயினின் படம் எல்லாம் கொடுத்தேன். 17 நாள் கழித்துக் கடை மேலாளர் பேசினார். தேனொழுகப் பேசினார். செயினுக்கான 765 ரூபாயை அன்று மாலையே அனுப்பிவிட்டார். அட்டைக் கட்டணத்தை மட்டும் தர முடியாது என்றார். பழைய செயின் கையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 765-உம் வந்திருக்காது. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.

மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 2,499 ரூபாய்க்காகத் தஞ்சாவூருக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். இணையத்திலேயே மனு போடலாம் என்றிருக்கிறேன். இன்னும் போடவில்லை.

போன வாரத்துக்கு முந்தின வாரம் கவுண்டர் தம்பி போன் செய்தான். அட்டை காலாவதியாகிவிட்டது, இந்த மாதத்துக்குள் புதுப்பித்தால் தலைக்கவசம் இலவசம் என்றான். மூன்று கேள்வி கேட்டேன். பஞ்சர் ஒட்டுவீர்களா, டியூப் மாற்றுவீர்களா? பாபநாசத்துக்கு வண்டி எடுக்க வருவீர்களா? தள்ளுபடி இல்லாத பொருள்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா? மேலாளரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். இன்றோடு பதினொரு நாள்.