கங்குலி, லக்ஷ்மண், ஜெயசூர்யா, சந்திரசேகர்: ஹால் ஆஃப் ஃபேமில் அடுத்த இடம் யாருக்கு?

சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி தன் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலை அறிவித்ததும் கிரிக்கெட் ரசிகர்களிடம் இரண்டே கேள்விகள்தான் கிளம்பும். இவர் எப்படி உள்ளே? அவர் ஏன் இன்னும் வெளியே? 2025 ஜூனில் தோனி, ஹேடன், ஆம்லா, கிரேம் ஸ்மித், வெட்டோரி, சாரா டெய்லர், சனா மிர் என்று ஏழு பேர் சேர்ந்தார்கள். ஏழு பேரில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பட்டியல் வரை பெயர் வராத நால்வரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தலை சுற்றும்: சௌரவ் கங்குலி, வி.வி.எஸ். லக்ஷ்மண், சனத் ஜெயசூர்யா, பி.எஸ். சந்திரசேகர். இனி ஒரே ஓர் இடம்தான் காலி என்று வைத்துக்கொள்வோம். யாருக்குக் கொடுப்பது?

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பேட்ஸ்மேன் என்றால் டெஸ்ட், ஒருநாள் இரண்டில் ஏதாவது ஒன்றில் 8,000 ரன்களும் 20 சதங்களும் வேண்டும்; இல்லையென்றால் சராசரி 50-ஐத் தாண்ட வேண்டும். பந்துவீச்சாளருக்கு 200 விக்கெட், அதோடு டெஸ்டில் 50, ஒருநாளில் 30 என்ற ஸ்ட்ரைக் ரேட், அதாவது ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக எடுத்துக்கொள்ளும் பந்துகள்; இது குறைவாக இருக்க வேண்டும். கேப்டன் என்றால் குறைந்தது 25 டெஸ்ட் அல்லது 100 ஒருநாள் போட்டிகளுக்குத் தலைமை தாங்கி, பாதியிலாவது ஜெயித்திருக்க வேண்டும்.

கேட்பதற்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் முரளிதரனை இந்த அளவுகோலில் நிறுத்திப் பாருங்கள். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவரின் ஸ்ட்ரைக் ரேட் 55. ஷேன் வார்னேவுக்கு 57. ஒருநாள் போட்டிகளிலும் இருவருமே 35-ஐத் தாண்டிவிடுகிறார்கள். கும்ப்ளேவுக்கு டெஸ்டில் கிட்டத்தட்ட 66. எழுத்துக்கு எழுத்து பிடித்தால் மூவரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்! மூவரையும் உள்ளே விட்டார்கள், அது நியாயம்தான். 2023-இல் சேர்ந்த அரவிந்த டி சில்வாவும் அப்படித்தான். டெஸ்டில் 6,361 ரன்கள், 20 சதங்கள். ஒருநாளில் 9,284 ரன்கள், ஆனால் 11 சதங்கள்தான். இரண்டிலும் சராசரி 50 கிடையாது. லாகூரில் 1996 உலகக் கோப்பை இறுதியில் ஆட்டமிழக்காமல் 107 அடித்து, மூன்று விக்கெட்டும் எடுத்த மனிதரிடம் யார் போய்க் கணக்குக் கேட்பார்கள்?

ஆக, விதி ஒரு வழிகாட்டிதான். அப்படியென்றால் நம் நால்வருக்கும் அதே தாராளம் வேண்டும்.

கங்குலியின் நிலைமைதான் விசித்திரம். அவருக்குத் தாராளமே தேவையில்லை. ஒருநாள் போட்டிகளில் 11,363 ரன்கள், 22 சதங்கள், பேட்ஸ்மேனாகப் பாஸ். இந்தியாவுக்கு 146 ஒருநாள் போட்டிகளில் தலைமை தாங்கி 76 வெற்றி, கேப்டனாகவும் பாஸ். டெஸ்டில் மட்டும் 49 போட்டிகளுக்கு 21 வெற்றி என்பதால் பாதியைத் தொடவில்லை. ஆனால் அந்த 21-இல் 11 வெளிநாட்டில் வந்தவை. சூதாட்டப் புயலில் ஆடிப்போயிருந்த அணியை 2000-இல் கையில் வாங்கியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விதியைத் தாண்டாதவர்கள் உள்ளே, இரண்டு வழியில் தாண்டியவர் வெளியே என்றால் ரசிகர்களுக்குக் கோபம் வருவது இயல்புதான்.

இருந்தாலும் என் ஓட்டு உடனே அவருக்கு விழவில்லை. டெஸ்டில் 7,212 ரன்கள், சராசரி 42, 16 சதங்கள். நல்ல கணக்கு, ஆனால் அதே அணியில் திராவிட், சச்சின், ஷேவாக் மூவரும் ஏற்கெனவே ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள், அவர்களோடு ஒப்பிட்டால் ஒரு படி கீழேதான். கேப்டன்சிப் புகழிலும் சில இடங்களில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். 2004-இல் பாகிஸ்தான் மண்ணில் முதல்முறையாக டெஸ்ட் தொடரை வென்றோமே, அதில் முதல் இரண்டு டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கியது திராவிட். கங்குலி காயத்தால் ஒதுங்கியிருந்து ராவல்பிண்டியில் நடந்த மூன்றாவது டெஸ்டுக்குத்தான் வந்தார். லார்ட்ஸ் பால்கனியில் சட்டையைக் கழற்றிச் சுழற்றிய காட்சி எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். அதற்கெல்லாம் மார்க் போட முடியாது.

லக்ஷ்மணுக்கு எல்லாமே நேர்மாறு. 134 டெஸ்ட், 8,781 ரன்கள், 17 சதங்கள். மூன்று சதம் குறைகிறது. சராசரி 45.97. ஒருநாளில் சராசரி 31 கூட இல்லை, உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. காகிதத்தில் இவர்தான் கடைசி.

ஆனால் இந்த 17-ஐ அப்படியே எடுத்துக்கொள்வது தப்பு. ஐந்தாவதாக, ஆறாவதாக இறங்கி, பேட்டிங் தெரியாத கடைசி வரிசை ஆட்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆடியவர். 34 முறை ஆட்டமிழக்காமல் நின்றிருக்கிறார். 2010-இல் மொகாலியில் ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 216. எட்டு விக்கெட் விழுந்தபோது ஸ்கோர் 124. லக்ஷ்மணுக்கு முதுகுப் பிடிப்பு, அவருக்குப் பதிலாக ஓடுவதற்கு ரெய்னா. இஷாந்த் சர்மாவை எதிர்முனையில் வைத்துக்கொண்டு 81 ரன் சேர்த்தார். இஷாந்தும் போய் கடைசி ஆளாக ஓஜா வந்தார். எப்போதும் அமைதியாக இருக்கும் மனிதர் அன்று ஓஜாவைப் பார்த்துப் போட்ட சத்தம் மைதானத்துக்கே கேட்டது. ஒரு விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது. லக்ஷ்மண் 73 நாட் அவுட். ஸ்கோர்போர்டில் அது வெறும் அரைச்சதம். அதே ஆண்டு டிசம்பரில் டர்பனில் இன்னொன்று. இரண்டாவது இன்னிங்ஸில் 96 எடுத்தார், இந்தியா 87 ரன்னில் வென்றது. அதுவும் சதக் கணக்கில் ஏறாது.

2001 கொல்கத்தாவைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம். முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி பேட் செய்யும் ஃபாலோ ஆன் ஆடிய அந்த டெஸ்டின் நான்காவது நாளில் அவரும் திராவிடும் விக்கெட்டே கொடுக்காமல் முழு நாளும் நின்று 335 ரன் சேர்த்தார்கள். தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்து வந்த ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக. அந்த இன்னிங்ஸில் லக்ஷ்மண் எடுத்த 281 என்ற எண்ணை விட அந்த ஒரு நாள்தான் எனக்குப் பெரிது.

அப்புறம் ஜெயசூர்யா. வெறும் கிரிக்கெட்டை மட்டும் வைத்துப் பேசினால் இந்த நால்வரில் மிக வலுவான வழக்கு இவருடையதுதான். ஒருநாளில் 13,430 ரன்கள், 28 சதங்கள், கூடவே 323 விக்கெட்டுகள். டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 340 ரன் வேறு, அதுவும் நம் பந்துவீச்சை வைத்து. 1996 உலகக் கோப்பையில் தொடர்நாயகன். டெல்லியில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் 272 ரன்னைத் துரத்தியபோது மனோஜ் பிரபாகரின் முதல் இரண்டு ஓவரில் 33 ரன் போனது. வேகப்பந்துவீச்சாளரான பிரபாகர் பிறகு வந்து ஆஃப் ஸ்பின் போட்டார். அதற்குமேல் அவர் இந்தியாவுக்கு ஆடவே இல்லை. ஒரு பேட்ஸ்மேன் எதிரணிப் பந்துவீச்சை எந்த அளவுக்குக் குழப்ப முடியும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம். முதல் 15 ஓவரில் ஃபீல்டர்களில் இருவர் மட்டுமே உள்வட்டத்துக்கு வெளியே நிற்கலாம் என்ற விதி ஏற்கெனவே இருந்ததுதான். அதை இப்படி வெளுத்து வாங்கலாம் என்று உலகத்துக்கே காட்டியவர் இவர்.

சிக்கல் மைதானத்துக்கு வெளியே. 2019 பிப்ரவரியில் ஐசிசி அவருக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. ஊழல் தடுப்பு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை, அதற்குத் தடங்கல் செய்தார் என்ற குற்றச்சாட்டுகளை அவரே ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை விற்றார் என்பது குற்றச்சாட்டு அல்ல. இந்த வேறுபாட்டை அவருடைய ரசிகர்கள் அழுத்திச் சொல்வார்கள், சொல்வதும் சரி. தண்டனையை முடித்துவிட்டு 2024-இல் இலங்கையின் தலைமைப் பயிற்சியாளராகவும் ஆகிவிட்டார். பயிற்சியாளராக ஏற்கலாம், கௌரவப் பட்டியலில் மட்டும் ஏற்கக் கூடாது என்பது சரியான வாதமா? என்னைக் கேட்டால், ஒருநாள் அவர் உள்ளே வர வேண்டும். ஆனால் தடை விதித்ததும் ஐசிசி, பட்டம் கொடுப்பதும் ஐசிசி. எனவே இன்னும் சில ஆண்டுகள் அவர் காத்திருப்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

கடைசியாக சந்திரசேகர். இளம் ரசிகர்கள் பலருக்கு இவர் பெயரே பழக்கமில்லை, அதுதான் இவருடைய பிரச்சினையும். 58 டெஸ்ட், 242 விக்கெட், சராசரி 29.74. மொத்த டெஸ்ட் வாழ்க்கையில் அடித்த ரன்கள் 167. விக்கெட்டை விடக் குறைவு! சிறுவயதில் போலியோ தாக்கிய வலது கையால், மிதவேகப் பந்துவீச்சாளரின் வேகத்தில் லெக் ஸ்பின்னும் கூக்ளியும் போட்டவர்.

அவரோடு ஆடிய பிஷன் சிங் பேடி 2009-இலேயே உள்ளே போய்விட்டார். இருவரையும் சேர்த்துப் பாருங்கள். பேடிக்கு 67 டெஸ்டில் 266 விக்கெட், சராசரி 28.71, ஐந்து விக்கெட் 14 முறை. சந்திராவுக்கு ஒன்பது டெஸ்ட் குறைவு, ஐந்து விக்கெட் 16 முறை. ஒரு விக்கெட்டுக்கு பேடி 80 பந்து எடுத்துக்கொண்டார், சந்திராவுக்கு 66 போதும். பேடியின் இடத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அவருக்கு உண்டென்றால் இவருக்கு ஏன் இல்லை?

இந்தியா ஜெயித்த 14 டெஸ்டுகளில் சந்திராவின் பங்கு 98 விக்கெட். 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது, அந்த மண்ணில் நமக்கு முதல் தொடர் வெற்றி. இங்கிலாந்தின் எட்ரிச் பேட் பிடிக்க வந்ததும், வேகமான பந்தைப் போடு என்று சக வீரர் திலீப் சர்தேசாய் குரல் கொடுத்தாராம். அந்தப் பந்துக்கு சர்தேசாய் சொன்ன பெயர் மில் ரீஃப், அந்த ஆண்டு டெர்பி பந்தயத்தில் ஜெயித்த குதிரை. எட்ரிச்சின் மட்டை கீழே இறங்குவதற்குள் ஸ்டம்ப் போய்விட்டது. அடுத்து வந்த ஃப்ளெட்சரும் ரன் எடுக்காமலே சோல்கர் கையில் பிடிபட்டார். ஆறரை ஆண்டுகள் கழித்து மெல்போர்னில் இரண்டு இன்னிங்ஸிலும் அதே எண்கள்: 52 ரன்னுக்கு 6, மறுபடி 52 ரன்னுக்கு 6. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது.

அதனால் ஒரே இடம் என்றால் என் ஓட்டு சந்திரசேகருக்கு. இரண்டாவது இடம் கிடைத்தால் லக்ஷ்மண், மூன்றாவது கங்குலி. இந்த வரிசையில் பலருக்கு உடன்பாடு இருக்காது. கங்குலியை லக்ஷ்மணுக்குப் பின்னால் வைத்ததற்கு கொல்கத்தாக்காரர்களிடம் நான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவசரத்துக்குக் காரணமும் உண்டு. மிதாலி ராஜும் ஜூலன் கோஸ்வாமியும் 2022-இல் ஓய்வு பெற்றார்கள். 2027-இல் ஐந்தாண்டு முடிகிறது. பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் 7,805 ரன்கள் எடுத்தவருக்கும் 255 விக்கெட் எடுத்தவருக்கும் அலசலே தேவையில்லை. அதன் பின்னால் ஆண்டர்சன், பிராட், அஸ்வின், கோலி என்று வரிசை நீளும். ஒவ்வொரு ஆண்டும் புதியவர்கள் முன்னால் வந்து நிற்க, எழுபதுகளில் ஆடியவர்கள் இன்னும் பின்னுக்குப் போவார்கள். பழைய இந்திய வீரர் வினு மன்கட் காலமானது 1978-இல், பட்டியலில் பெயர் ஏறியது 2021-இல். சந்திரா பிறந்தது 1945-இல்.