மிரளும் குதிரை: பிடித்து நிறுத்துவதா, பழக விடுவதா?

ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் படபடத்தால் போதும், 500 கிலோ குதிரை ஓட்டம் பிடிக்கப் பார்க்கும். அதை முரட்டுத்தனம் என்று எண்ணுவது பெரிய தவறு. புல்வெளியில் மற்ற விலங்குகளுக்கு இரையாக இருந்த இனம் அது. முதலில் ஓடு, அப்புறம் திரும்பிப் பார் என்பது அதன் பிறவிக் குணம்.

இந்தப் பயத்தைப் போக்க ஒரு வழி, தப்ப விடாமல் பிடித்துவைப்பது. அமெரிக்கரான ஜான் ரேரி 1858-ல் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் முன்பே இதைச் செய்துகாட்டிப் பெயர் வாங்கினார். குதிரையின் முன்னங்காலை மடக்கி வாரால் கட்டிவிடுவார். அது போராடிக் களைத்துப் படுத்ததும் உடம்பெல்லாம் தடவிக்கொடுப்பார். சாட்டையே கதி என்றிருந்த காலத்தில் இது நல்ல முன்னேற்றம்தான், பலனும் சீக்கிரமே தெரியும். ஆனால் பயம் தெளிந்து நிற்கும் குதிரை வேறு, ஓட வழியில்லாமல் நிற்கும் குதிரை வேறு. கிட்டப் போய்ப் பாருங்கள்: இரண்டாவதன் உதடு இறுகியிருக்கும், மூக்குத்துளை விரிந்திருக்கும், கண் நிலைகுத்தியிருக்கும். கட்டு இல்லாத ஒரு நாளில் அந்தப் பயம் திரும்பி வரலாம்.

இன்னொரு வழி, பையைத் தூரத்தில் காட்டுவது. காது இரண்டும் அதன் பக்கம் திரும்பும், தலை நிமிரும். அங்கேயே நில்லுங்கள். தலை தாழ்ந்து மூச்சு நீளமாக வந்ததும் பையை விலக்குங்கள். அது துள்ளும்போது விலக்கினால், துள்ளினால் பை போய்விடும் என்றுதான் கற்றுக்கொள்ளும். பலரும் தவறுவது இங்கேதான்.

கேரட் கொடுத்துப் பழக்கலாம், சரி. ஆனால் குதிரை உங்கள் சட்டைப்பையைத் துழாவும்போது கொடுத்தால் கடிக்கப் பழகிவிடும். அதைவிட, பிடரி மயிர் முடிகிற மேட்டில் சொறிந்துவிடுவது எனக்குப் பிடிக்கும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை 1993-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

காயத்துக்கு உடனே மருந்து கட்ட வேண்டுமென்றால் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். மற்றபடி, எத்தனை நாள் ஆனாலும் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும்: இடப்பக்கம் பழகிய பையை வலப்பக்கம் கொண்டுபோனால், சில குதிரைகள் புதிதாகப் பார்ப்பதுபோல மிரளும். அங்கேயும் தூரத்திலிருந்தே தொடங்குங்கள்.