தண்ணீர் நன்று, படலைதான் சரியில்லை: பாசிக்குடாப் பக்கத்து விடுதியொன்றின் நீச்சல் தடாகம்

பாடசாலை விடுமுறையில் மகளையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு, மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவுக்கு அண்மையிலுள்ள நடுத்தர விடுதியொன்றின் நீச்சல் தடாகத்துக்கு ஒரு பகற்பொழுது போய்வந்தேன். அங்கே தங்காமல் தடாகத்தை மட்டும் பாவிப்பதற்குப் பெரியவர்களுக்கு 1500 ரூபாயும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 800 ரூபாயும் வாங்கினார்கள், சாப்பாடு தனி. கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கத் தடாகத்துக்குக் காசு கொடுப்பானேன் என்று கல்லடியில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். பாசிக்குடாவில் கடல் நெடுந்தூரத்துக்கு முழங்காலளவும் இடுப்பளவுமாகவே இருக்கும். குளிப்பதற்கு அதைப்போல வேறொரு கடல் கிடையாது. ஆனால் ஒன்பது வயதுப் பேரனுக்கு நீச்சல் பழக்கப் போனால் எந்த நேரமும் காலை ஊன்றிக்கொண்டே நிற்பான். அதனால்தான் தடாகம்.

உள்ளூராட்சி மன்றமொன்றில் இருபத்தெட்டு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து கட்டட வரைபடங்களைப் பார்த்தே கண் பழகியவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் நீலத் தண்ணீரையும் சாய்கதிரைகளையும் பார்க்கும்போது என் கண் வடிகால் மூடிக்கும் மின்சாரப் பெட்டிக்கும் போகும். மகளுக்கு இதனால் என்மேல் கோபம் உண்டு. விடுதியின் பெயரை எழுதாததற்குக் காரணம், அதன் உரிமையாளர் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதும், திருத்துவதாகச் சொன்னதும்.

முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே நின்று பார்த்தபோது ஆழமான பக்கத்தின் அடியிலிருந்த வடிகால் மூடியின் துளைகளை எண்ணக்கூடியதாக இருந்தது. மூடி தெளிவாகத் தெரியவில்லையென்றால் அன்று யாரையும் இறக்கக் கூடாது என்பது தடாகம் நடத்துவோரின் அடிப்படை விதி, ஏனென்றால் கலங்கிய தண்ணீரில் அடியில் கிடக்கும் பிள்ளையும் தெரியாது. தடாகத்தைப் பராமரிக்கும் தம்பியிடம் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தார். இரண்டு சிறு குழாய்களில் முழங்கையளவு ஆழத்திலிருந்து தண்ணீர் பிடித்து, ஒன்றில் ஒரு மாத்திரையையும் மற்றதில் ஐந்து சொட்டுச் சிவப்பு மருந்தையும் போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டார். குளோரின் பத்து இலட்சத்துக்கு 2 பங்கு, தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். 7.6. குளோரின் 1 முதல் 3 வரையும் பீ.எச். 7.2 முதல் 7.8 வரையும் இருந்தால் நல்லது. பீ.எச். அதற்கு மேலே ஏறினால் குளோரின் தண்ணீரில் இருந்தும் கிருமியைக் கொல்லும் வலு குறைந்துவிடும். கீழே இறங்கினால் கண் எரியும், இரும்பும் செம்பும் அரிக்கும்.

தண்ணீரில் மூக்கைத் துளைக்கும் மணம் இருக்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். மணம் வந்தால் மருந்து கூடிவிட்டது என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அந்த மணம் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் மணம், அதாவது குளிப்பவர்கள் கழுவாமல் இறங்கியதன் மணம். இங்கே இறங்குமுன் மேல் கழுவ வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகை போட்டு, அதற்குப் பக்கத்திலேயே உண்மையாகத் தண்ணீர் வருகிற ஷவரும் வைத்திருக்கிறார்கள். வயிற்றோட்டம் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்றும் பலகையில் உண்டு. சில குடற்கிருமிகள் சாதாரண அளவு குளோரினில் நாட்கணக்காக உயிரோடு கிடக்கும் என்பதால் அந்த வரி வெறும் சம்பிரதாயம் அல்ல.

தடாகத்தின் அளவு 10 மீற்றருக்கு 5 மீற்றர், ஆழம் 0.9 மீற்றரிலிருந்து 1.7 மீற்றர் வரை. சராசரியாக எடுத்தால் ஏறத்தாழ 65 கனமீற்றர் தண்ணீர். அதில் குளோரினைப் பத்து இலட்சத்துக்கு 1 பங்கு உயர்த்த 65 சதவீதக் குளோரின் தூளில் 100 கிராம் போதும், ஒரு தேநீர்க் கோப்பைகூட நிரம்பாது. இந்தக் கணக்குத் தெரியாமல் கையால் அள்ளி வீசுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தம்பி தராசு வைத்திருந்தார். வாளித் தண்ணீரில் தூளைக் கரைத்துத்தான் ஊற்றுகிறார், தூளின்மேல் தண்ணீரை ஊற்றுவதில்லை. ஒரேயொரு பிழை, மருந்து அலுமாரியில் குளோரின் வாளிக்கு மேற்தட்டில் அசிட் போத்தல் இருந்தது. போத்தல் கசிந்து தூளில் விழுந்தால் அந்தச் சிறு அறைக்குள் குளோரின் வாயு கிளம்பும். சொன்னவுடன் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு மூலையில் வைத்தார். பம்ப் மணிக்கு 13 கனமீற்றர் இழுக்கிறது என்றும் சொன்னார். முழுத் தண்ணீரும் ஐந்து மணித்தியாலத்தில் மண் வடிகட்டியால் ஒருமுறை போய்வருகிறது, இந்த அளவு கூட்டத்துக்கு அது தாராளம்.

கட்டுமானமும் பொதுவாக நன்று. அடியில் உறிஞ்சும் வாய் ஒன்றல்ல, இரண்டு, ஒரு மீற்றருக்கு மேல் இடைவெளி விட்டு. மேலே குமிழ் வடிவ மூடி, திருகாணிகள் எல்லாம் இருந்தன. ஒரே வாயாக இருந்து அதை ஒரு பிள்ளையின் முதுகோ தலைமயிரோ அடைத்தால் பம்பின் இழுவை முழுவதும் அந்தப் பிள்ளையின்மேல் விழும். பெரிய ஆளாலும் பிடுங்கி எடுக்க முடியாது. அமெரிக்காவில் 2002இல் சுடுநீர்த் தொட்டியொன்றில் ஏழு வயதுச் சிறுமி அப்படி அகப்பட்டு இறந்த பிறகு, 2007இல் அவளுடைய பெயரிலேயே வடிகால் மூடிகளுக்கான சட்டம் வந்தது. நீருக்குள் எரியும் விளக்குகள் 12 வோல்ட். மின்சாரப் பெட்டியில் ட்ரிப் சுவிச்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொன்னேன், டக்கென்று விழுந்தது.

நம்முடைய கரையோரத்துக்கென்றே ஒரு விடயம் உண்டு, அதை உரிமையாளரிடம் கேட்டேன்: மார்கழியில் தடாகத்தை வற்ற இறைப்பீர்களா? மணற்பாங்கான நிலத்தில் வடகீழ்ப் பருவமழைக்கு நிலத்தடி நீர் கையெட்டும் மட்டத்துக்கு வந்துவிடும். இந்த அளவு தடாகத்தின் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு வெளியே நீர் நின்றால், வெற்றுத் தடாகத்தை மேலே தள்ளுவது 50 தொன் விசை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்தப் பாரம் அமுக்கிப் பிடித்திருக்கும்; இறைத்துவிட்டால் கொங்கிரீட் தொட்டி வள்ளம்போல மிதக்கப் பார்க்கும். நாவலடிப் பக்கம் ஒருவர் மழைக்குள் துப்புரவு செய்யவென்று இறைத்து, விடிய எழும்பிப் பார்க்கும்போது ஒரு மூலை சாண் உயரத்துக்குக் கிளம்பி டைல்ஸ் எல்லாம் வெடித்திருந்ததை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். இந்த உரிமையாளர் ஆடி ஆவணியில்தான் இறைப்பதாகவும், அடியில் நீரழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைத்திருப்பதாகவும் சொன்னார். மேசனை நம்பிக் கட்டாமல் பொறியியலாளரின் வரைபடத்துக்குக் கட்டியிருக்கிறார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது.

அனுமதி விடயங்களை அவராகவே எடுத்துச் சொன்னார். கட்டட விண்ணப்பம் பிரதேச சபைக்கு. அது நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடமென்றால் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் ஒழுங்குவிதிகளும் சேரும். கட்டி முடிந்தபின், வரைபடத்தின்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ். அதற்கு மேலே, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் இருப்பதால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி கரையோரத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம். கடலோடு தொடுக்கும் வாவிக்கரையில் இந்த எல்லை வாவி வாயிலிருந்து 2 கிலோமீற்றர்வரை உள்ளே போகும் என்பதால், கடல் தெரியாத வளவுக்காரர்களும் கேட்டுப் பார்ப்பது நல்லது. பாவியாத பருவத்தில் தடாகத்தைப் பச்சைத் தண்ணீராக விட்டுவிட்டால் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். இவையெல்லாம் இவருக்கு மனப்பாடம். கோவையைத் திறந்து வரைபடத்தையும் காட்டினார், இனிச் சொல்லப்போகும் படலைப் பிழையின் காரணம் அதில்தான் இருந்தது.

தடாகத்தைச் சுற்றி இரும்பு வேலி. உயரம் 1.2 மீற்றர், கம்பிகளுக்கிடையே என் உள்ளங்கை போகாது. நான்கு வயதுப் பேத்தியால் ஏறவும் முடியாது, நுழையவும் முடியாது. நாங்கள் போனபோது படலை திறந்திருந்தது. அரைச் சீமெந்துக் கல்லொன்று அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போய் இருந்தேன். தேசிக்காய்த் தண்ணீர் நாலு கிளாஸைத் தட்டில் ஏந்தி வந்த பையன் கால் விரலால் படலையைத் தள்ளித் திறந்து, அதே காலால் கல்லை உருட்டி முட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு கையிலும் தட்டு. அவன் வேறென்ன செய்வான்? மறுபடி எடுத்தேன். பக்கத்து மேசைக்குச் சோறு வந்தபோது கல் மறுபடி வந்தது. இப்படி மூன்று முறை. நான்காம் முறை நான் எடுக்க எழும்புமுன் பேத்தி உள்ளே வந்துவிட்டாள், உடுப்பு மாற்றும் அறையில் தாய் துவாய் எடுக்கத் திரும்பிய நேரத்துக்குள் ஓடிவந்து, “அம்மப்பா!” என்று கூப்பிட்டபடி ஆழமான பக்கத்து விளிம்பில் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. என் நெஞ்சு அடங்கத்தான் நேரம் எடுத்தது.

அவுஸ்திரேலியாவில் தடாகப் படலை தானாக மூடவும் தானாகக் கொளுவவும் வேண்டும், தடாகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறக்க வேண்டும், கொளுக்கி பிள்ளைகளுக்கு எட்டாத 1.5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. இந்தப் படலைக்கும் ஒரு காலத்தில் ஸ்பிரிங் இருந்திருக்கிறது. துருப்பிடித்த பாதித் துண்டு பிணைச்சலில் தொங்குகிறது. “உப்புக்காத்து எல்லாத்தையும் தின்னுது, ஐயா” என்றார் தம்பி. புது ஸ்பிரிங் போட்டாலும் கல் போகாது என்பதுதான் என் கணிப்பு, ஏனென்றால் பிழை ஸ்பிரிங்கில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. எட்டுச் சாப்பாட்டு மேசைகளும் வேலிக்கு உட்பக்கம், குசினி வெளிப்பக்கம், நடுவே ஒரே படலை. நாளுக்கு நூறு முறை தட்டேந்தி நடக்கிற பாதையில் தானாக மூடும் படலையை வைத்தால் வேலை செய்கிறவர்கள் அதை ஒரு கிழமைக்குள் தோற்கடித்துவிடுவார்கள். ஒதுக்குத் தூரம், கழிவுநீர்க் குழி, வடிகட்டி கழுவும் நீர் போகுமிடம் எல்லாம் சரியாக அடையாளமிட்ட அந்த வரைபடத்தில், தட்டோடு வருகிற பையன் எந்த வழியால் வருவான் என்று யாரும் யோசிக்கவில்லை. அப்படிப்பட்ட வரைபடங்களுக்கு நானும் என் காலத்தில் ஒப்பமிட்டிருக்கிறேன், யோசிக்காமல்.

மற்றக் குறைகள் இதற்குப் பிறகுதான். ஆழம் இரண்டு மீற்றர் தூரத்துக்குள் சட்டென்று இறங்குகிறது, டைல்ஸ் நிறமோ ஒன்றுதான். பாசிக்குடாக் கடலில் பழகிய பிள்ளை அடுத்த அடியும் அப்படியே இருக்கும் என்று நம்பிக் கால் வைக்கும். ஆழ எண்கள் ஒரு பக்கத்தில் மட்டும். மிதப்பு வளையமும் நீளத் தடியும் உண்டு, அவசர அம்புலன்சின் 1990 என்ற இலக்கமும் சுவரில் பெரிதாக உண்டு, உயிர்காப்பாளர் இல்லை. தண்ணீர் பார்க்கும் தம்பியே துவாயும் கொடுத்து, காசும் வாங்கி, குளிப்பவர்களையும் பார்க்கிறார். பதிவுப் புத்தகத்தில் பகல் இரண்டு மணிக்கே பின்னேரம் நாலு மணி அளவு எழுதியிருந்தது. கேட்டதற்கு, அந்த நேரம் கூட்டம் வரும், எழுத நேரமிராது என்றார். நல்ல மனிதர், ஒரே ஆள்.

போகும்போது உரிமையாளரோடு வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் பேசினேன். “குசினிக்காரங்கதான் ஐயா படலையை அந்த இடத்தில கேட்டது” என்று சிரித்தார். மேசைகளை வேலிக்கு வெளியே தென்னைகளின் கீழே மாற்றினால் படலையால் குளிப்பவர்கள் மட்டும்தான் போய்வருவார்கள், இடிக்கவோ கட்டவோ ஒன்றும் தேவையில்லை என்றேன். பென்சிலால் எட்டு வட்டங்களைத் தென்னைகளுக்கடியில் போட்டுப் பார்த்தார். நிழலும் அங்கேதான் கூட என்று தானே சொன்னார்.

நீச்சல் தெரிந்த பெரியவர்களுக்கு இந்தத் தடாகத்தைத் தயங்காமல் சொல்வேன். சுத்தத்தில் இதைவிடக் கூடுதலாகக் காசு வாங்கும் இடங்களுக்கு இது குறைந்ததல்ல. நீச்சல் பழகும் வயதுப் பிள்ளையென்றால் தண்ணீருக்குள் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பாடசாலை வயது வராத பிள்ளைகளை மேசைகள் இடம் மாறும்வரை கொண்டுபோக வேண்டாம். இறால் கறி நன்றாக இருந்தது, கொஞ்சம் உறைப்பு. நாங்கள் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது படலைக்கு அந்தக் கல் திரும்பவும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.