ரைசன் 7 7800எக்ஸ்3டி: மற்ற பாகங்களின் தேர்வை எளிதாக்கிய ப்ராசஸர்

ஏஎம்டி நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸரை வைத்து நான் கட்டிய கணினி, ஒன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் இயங்கி வருகிறது. இந்த ப்ராசஸரின் வேகத்தைப் பற்றி ஏராளமான அளவீடுகள் ஏற்கெனவே கிடைக்கின்றன; அவற்றை மீண்டும் அடுக்குவது என் நோக்கமில்லை. ஒரு கணினிக்கான பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு பாகம் மற்ற பாகங்களின் மீது என்ன விளைவை ஏற்படுத்துகிறது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன். என் அனுபவத்தில் இதன் மிகப்பெரிய நன்மை அங்கேதான் இருக்கிறது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்வரும் தேர்வுகள் அனைத்தும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. இதில் 8 கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) 16 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் கையாளும் பணித் தொடர்கள்) உள்ளன. உச்ச வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸ். இதே தலைமுறையைச் சேர்ந்த, அதே 8 கோர்கள் கொண்ட 7700எக்ஸ் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். ஆனாலும் பெரும்பாலான கேம்களில் 7800எக்ஸ்3டியே முந்துகிறது. வழக்கமான 32 எம்பி எல்3 கேஷுக்கு (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) மேல் இன்னொரு 64 எம்பி நினைவகச் சில்லை ஒட்டிவைத்து, மொத்தம் 96 எம்பி கேஷ் தந்திருப்பதே இதற்குக் காரணம். ஒரு கேம் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், கதாபாத்திரங்களின் நிலை, பொருள்களின் மோதல், வரையப்பட வேண்டியவற்றின் பட்டியல் என நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் தகவல்களைத் தேடித்தேடி எடுக்கிறது. தேவையான தகவல் கேஷில் இருந்தால் அது ஏறத்தாழ 10 நானோ செகண்டில் கைக்கு வந்துவிடும்; ரேம் வரை சென்று எடுக்க வேண்டுமென்றால் 70 நானோ செகண்டு அளவுக்குக் காத்திருக்க நேரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஒரு கோருக்கு அது சுமார் 350 சுழற்சிகள் வீணாகும் நேரம். அந்தக் காத்திருப்பைக் குறைப்பதால் சராசரி பிரேம் எண்ணிக்கை உயர்வது ஒருபுறமிருக்க, இடையிடையே வரும் திணறல்கள் குறைவதுதான் கண்ணுக்கு உடனே தெரிகிற மாற்றம்.

கேஷ் பெரியதாக இருப்பதன் முதல் பலன் ரேம் தேர்வில் கிடைக்கிறது. சாதாரண ப்ராசஸர்களில் ரேமின் வேகம் சற்றுக் குறைந்தாலும் கேம்களில் அது எதிரொலிக்கும். இதில் அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. அதனால் விலையுயர்ந்த அதிவேக ரேமைத் தேடி அலையாமல், டிடிஆர்5-6000 (வேகம்), சிஎல்30 (தாமத அளவு) என்ற அளவில் 16 ஜிபி ரேம் குச்சிகள் இரண்டை வாங்கினேன். நான்கு குச்சிகள் போட்டால் அழகாக இருக்கும் என்று எண்ணுபவர்கள் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும்: இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கும் வேகம் இரண்டு குச்சிகளுக்கு 5200, நான்கு குச்சிகளுக்கு 3600 மட்டுமே. பிற்காலத்தில் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சிறிய குச்சிகளை வாங்குவது டிடிஆர்5 காலத்தில் நல்ல திட்டமாக இல்லை. 64 ஜிபி தேவைப்படக்கூடும் என்று தோன்றினால் 32 ஜிபி குச்சிகள் இரண்டாகத் தொடக்கத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

இதில் நான் ஒரு தவறும் செய்தேன். முதலில் அவசரமாக வாங்கிய ரேம், மதர்போர்டு தயாரிப்பாளர் வெளியிட்டிருந்த பொருத்தப் பட்டியலில் இல்லை. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பைச் செயல்படுத்தியவுடன் கணினி தொடங்கவே மறுத்தது; அதை முடக்கி 4800இல் ஓட்டினால் மட்டுமே நிலையாக இயங்கியது. இரண்டு வாரம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எண்களை மாற்றிப் போராடிய பின்னர், பட்டியலில் உள்ள இன்னொரு தயாரிப்பை வாங்கியதும் முதல் முயற்சியிலேயே 6000இல் நின்றது. அந்தப் பட்டியலைப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. எக்ஸ்போவை பயாஸில் நாமே சென்று செயல்படுத்த வேண்டும் என்பதும், இரண்டு குச்சிகளை ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது 2ஆம், 4ஆம் இடங்களில் பொருத்த வேண்டும் என்பதும் புதியவர்கள் அடிக்கடி தவறவிடுபவை. முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ள மதர்போர்டு சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை கறுப்பாகவே இருக்கும். ஏதோ பழுதாகிவிட்டது என்று பதறி அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடக் கூடாது.

மதர்போர்டில் நான் பி650 சிப்செட் கொண்ட நடுத்தர மாடலைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியில் 120 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், கேம் விளையாடும்போது இந்த ப்ராசஸர் என் கணினியில் பெரும்பாலும் 50 முதல் 75 வாட் வரைதான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பெரும் மின்சாரத்தைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட எக்ஸ்670 வகைப் பலகைகளுக்குச் செலவிடுவதில் இதற்குப் பயன் ஒன்றுமில்லை. அந்தப் பணத்துக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்த எத்தனை எம்.2 இடங்கள் இருக்கின்றன, பின்புறத்தில் போதிய யுஎஸ்பி துளைகள் உள்ளனவா, ப்ராசஸர் பொருத்தாமலேயே பயாஸைப் புதுப்பிக்க உதவும் பிளாஷ்பேக் பொத்தான் உண்டா என்று பார்ப்பது நல்லது. இந்தக் கடைசி வசதியை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் முதல் பாதியில் கூடுதல் கேஷ் கொண்ட எக்ஸ்3டி வகை ப்ராசஸர்கள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் சாக்கெட்டோடு கருகிப்போயின. அதைத் தொடர்ந்து ப்ராசஸரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி முதலியவற்றுக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாடு பயாஸ் புதுப்பிப்பு வழியாகத்தான் பலகைக்கு வந்து சேரும். கிடங்கில் நெடுநாள் இருந்த பலகை கைக்கு வந்தால், வேறு எதையும் செய்யுமுன் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்.

இந்த ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டில் 1718 ஊசிகளும் பலகையின் பக்கமே இருக்கின்றன. முந்தைய ஏஎம்4 காலத்தில் ப்ராசஸரில் ஊசி வளைந்தால் பொறுமையாக நிமிர்த்திக்கொள்ள முடிந்தது. இங்கே ஒன்று வளைந்தாலும் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேரிடும். சாக்கெட்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கையால் பிடுங்காமல், ப்ராசஸரை வைத்து நெம்புகோலை அழுத்தும்போது அது தானாகக் கழன்று வரும்படி விட்டுவிடுவதே பாதுகாப்பானது.

கூலர் விஷயத்தில் என் தொடக்கத் திட்டம் முற்றிலும் மாறியது. 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட திரவக் கூலரை வாங்குவதாக இருந்தேன். ப்ராசஸரின் உண்மையான மின்நுகர்வைப் படித்தறிந்த பிறகு, 120 மி.மீ. விசிறி ஒன்று கொண்ட எளிய காற்றுக் கூலரையே பொருத்தினேன். கேம் விளையாடும்போது வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் நிற்கிறது. கடுமையான பணி கொடுத்தால் அது விரைவாக 80ஐத் தாண்டும். ஆனால் பெரிய கூலர் வைத்திருந்தாலும் ஓரளவு அப்படித்தான் நடந்திருக்கும். வெப்பத்தை உண்டாக்கும் கோர்களுக்கும் கூலருக்கும் இடையே அந்தக் கூடுதல் கேஷோடு வந்த சிலிக்கான் அடுக்கும் தடித்த உலோக மூடியும் இருப்பதால், வெப்பம் வெளியேறத் தாமதமாகிறது. 89 டிகிரியை எட்டினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷ் சில்லைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோனதன் மூலம் இந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். அதனால்தான் அது 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை செல்ல முடிகிறது, அதில் ஓவர்கிளாக்கிங்கும் (வேகத்தை நாமே கூட்டிக்கொள்வது) அனுமதிக்கப்படுகிறது.

இப்படி ரேமிலும் பலகையிலும் கூலரிலும் மிச்சமாகும் தொகை எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: மானிட்டருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும். பாகங்களின் பட்டியலை மானிட்டரிலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும். 1920க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 திரையில் 36.9 லட்சம், 3840க்கு 2160 (4கே) திரையில் 82.9 லட்சம். இவை அனைத்தையும் ஒவ்வொரு பிரேமிலும் வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு. ப்ராசஸரின் பொறுப்போ ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம்கள் என்பதைச் சார்ந்தது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேமைத் தயாரிக்க 16.7 மில்லி செகண்டு இருக்கிறது; 165 ஹெர்ட்ஸில் 6 மில்லி செகண்டுதான். ஆகையால் 4கே திரையில் நடுத்தர கார்டு வைத்து விளையாடுபவருக்கு 7800எக்ஸ்3டி எந்தப் பயனும் தராது என்றே சொல்லிவிடலாம். அங்கே 6 கோர் கொண்ட 7600 ப்ராசஸரும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையைக் காட்டும். இந்த ப்ராசஸரை வாங்குவதற்காக கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்க நேர்கிறதென்றால், வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

நான் 1440 புள்ளி உயரமும் 165 ஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட 27 அங்குலத் திரையை வைத்து, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பரைத் தேர்ந்தெடுத்தேன். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டிக்கும் இதற்கும் இடையே நீண்ட நாள் தடுமாறினேன். அதில் 16 ஜிபி நினைவகம், இதில் 12. அது 263 வாட் கேட்கும், இது 220. ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கிலும், சிறிய படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் நுட்பம் தரும் படத் தெளிவிலும் இதன் கை ஓங்கியிருந்ததால் இதை எடுத்தேன். ஆனால் உயர்தர டெக்ஸ்சர்களோடு ரே டிரேசிங்கையும் சேர்த்து இயக்கும் புதிய கேம்களில் 12 ஜிபி நெருக்கடியாகிவிடுகிறது என்பதை இப்போது காண்கிறேன். இன்று தேர்ந்தெடுப்பவராக இருந்தால் 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குவேன்.

பவர் சப்ளையில் 750 வாட், மின்சிக்கனத்துக்கான கோல்டு தரச்சான்று, ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை என்று எடுத்தேன். இந்தக் கணினிக்கு 650 வாட்டே போதும். கார்டுக்கான 16 முனை இணைப்பியை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுமையாக உள்ளே தள்ள வேண்டும், அதன் கழுத்தருகே கம்பியை மடக்கக் கூடாது. பழைய பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கம்பிகளைப் புதியதில் பயன்படுத்தவே கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு பெட்டிகளிலும் துளைகளின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், எந்த முனையில் எந்த மின்னழுத்தம் வருகிறது என்பதற்குப் பொதுவான தரநிலை கிடையாது. நெருங்கிய நண்பர் ஒருவர் இப்படித்தான் ஆண்டுக்கணக்கான புகைப்படங்கள் இருந்த எஸ்எஸ்டியை ஒரே நொடியில் இழந்தார்.

சேமிப்பகம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜென்4 (4ஆம் தலைமுறை) வகை எஸ்எஸ்டியில் 2 டிபி போதும், ஜென்5க்காகக் கூடுதலாகச் செலவழித்தாலும் கேம்கள் திறக்கும் நேரத்தில் வேறுபாடு தெரியாது. கேபினட் முன்புறம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும்.

ப்ராசஸரின் குறைகளையும் பதிவு செய்ய வேண்டும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதுகூட இது 25 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. நாள் முழுவதும் உலாவியும் எழுத்துப் பணியுமாகக் கணினியைத் திறந்து வைத்திருப்பவருக்கு அது பொருட்படுத்த வேண்டிய அளவுதான். வீடியோ தொகுப்பு, முப்பரிமாண ரெண்டரிங் போன்றவற்றில் கூடுதல் கேஷ் பெரிதாக உதவுவதில்லை. அந்தப் பணிகளே பிரதானம் என்றால் 12 கோர் கொண்ட 7900 பொருத்தமானது. இரண்டும் வேண்டுமென்று 7950எக்ஸ்3டியை நாடுபவர்கள், அதன் 16 கோர்களில் 8 மட்டுமே கூடுதல் கேஷோடு இணைந்தவை என்பதையும், கேமைச் சரியான பாதிக்கு அனுப்பும் வேலையை விண்டோஸ் ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதையும் அறிந்து வாங்க வேண்டும். 7800எக்ஸ்3டியில் எல்லாக் கோர்களும் ஒரே சில்லில் இருப்பதால் அந்தச் சிக்கலே எழுவதில்லை.

விமானப் பயிற்சிக் கேமில் பெருநகரங்களின் மேல் தாழப் பறக்கும்போதுதான் இதன் மதிப்பை நான் முழுமையாக உணர்ந்தேன். பழைய கணினியில் கட்டடங்கள் நெருங்க நெருங்கப் படம் வெட்டிவெட்டி வரும். அதே பாதையில் இப்போது திரை ஒரே சீராக ஓடுகிறது. மிகப் பெரிய வரைபடங்களைக் கொண்ட வியூகக் கேம்களிலும், இறுதிக் கட்டத்தில் ஒவ்வொரு முறைக்கும் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. 9800எக்ஸ்3டி வந்துவிட்ட பிறகும் இதை மாற்றும் எண்ணம் எனக்கு எழவில்லை. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027க்குப் பின்னும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், மதர்போர்டும் ரேமும் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். அடுத்து மாற்றப்போவது கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான். கேபினட்டுக்குள் அதற்கு எத்தனை மில்லிமீட்டர் நீளம் மீதமிருக்கிறது என்பதை அளந்து குறித்தும் வைத்திருக்கிறேன்.