வாட்சோ – கிர்கெனெஸ்: 38 கிலோமீட்டர் விமானத்தில் பதினோரு வருடங்கள்

நோர்வேயின் வடகிழக்கு மூலையில் வராங்கர் ஃபியோர்ட் என்றொரு பெரிய கடல்வாய். வடகரையில் நாங்கள் இருக்கும் வாட்சோ, தெற்குப் பக்கம் கிர்கெனெஸ். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 38 கிலோமீட்டர்தான். எங்களுக்கான ஆஸ்பத்திரி கிர்கெனெசில் இருப்பதால் பதினோரு வருடமாக இந்த விமானத்தில் போய் வருகிறேன், பெரும்பாலும் மாமியைக் கூட்டிக்கொண்டு.

முதல் தடவை பெல்ட்டைக் கழற்றச் சொன்னதும் மாமி கேட்டார்: "இப்பத்தானே ஏறினனாங்கள், அதுக்குள்ள இறங்கச் சொல்லினமோ?"

அட்டவணையில் இருப்பது 15 நிமிடம். தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடம்கூட வராது. புறப்படவும் இறங்கவும் என்று பொதுவாக அரை மணியைக் கூட்டிக் கணக்குப் போட்டாலோ 35 நிமிடம். இரண்டும் தப்பு. 39 பேர் உட்காரும் டேஷ் 8 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடியதுதான், ஆனால் இங்கே அந்த வேகத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். காற்று எதிர்ப்பக்கம் மாறினால் ஓடுபாதையைச் சுற்றி வரவே சில நிமிடம் போய்விடும்.

சரி, வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை? முக்கால் மணி முன்னதாகப் போய் நிற்க வேண்டும். இறங்கியபின் கிர்கெனெஸ் நகரத்துக்கு 15 கிலோமீட்டர். எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். காரில் கடல்வாயைச் சுற்றிப் போனால் ஏறக்குறைய 170 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். கோடையில் நான் காரையே எடுக்கிறேன், முக்கால் மணி நேரத்துக்காக ரிக்கெட் வாங்க மனம் வருவதில்லை. கரையோரக் கப்பலும் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் திரும்பும்போது அது வாட்சோவில் நிற்காது! இது தெரியாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

குளிர்காலம் வேறு கதை. பனிப்புயலில் வீதியை மூடிவிடுவார்கள், அப்போது விமானம்தான் கதி. அதுவும் பறந்தால்தான். வாட்சோவின் ஓடுபாதை குட்டையானது, பக்கக் காற்று பலமானால் இறங்க முடியாது. ஒரு ஜனவரி மாலை எங்கள் தெரு விளக்குகள் ஜன்னலில் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டு, திரும்ப கிர்கெனெசுக்கே போய் இறங்கினோம். வீடு சேர்ந்தது மறுநாள் பஸ்ஸில். 2022க்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ஜிபிஎஸ் சமிக்ஞை குழம்புவது வழக்கமாகிவிட்டது, ரஷ்ய எல்லை அவ்வளவு பக்கம். விமானிகளிடம் வேறு வழிகாட்டும் கருவிகள் இருப்பதால் பயணிக்கு அது தெரிவதே இல்லை.

இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கடல் தெரியும், நடு வரிசையில் மட்டும் சக்கரம் மறைக்கும். வாட்சோ ஊருக்கு எதிரே உள்ள தீவில் ஒரு இரும்புக் கோபுரம் நிற்கிறது. 1926இல் நோர்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவின் 'நோர்கே' ஆகாயக் கப்பல் வட துருவம் தாண்டி அலாஸ்கா போகும் வழியில் இதில்தான் கட்டி நின்றது. நாங்கள் அதே ஊரிலிருந்து 38 கிலோமீட்டர் போவதற்குக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டொக்டரிடம் குறித்த நாள் பெப்ரவரியில் வந்தால் முதல் நாள் மாலையே போய்விடுகிறோம். மாமி அந்த இரவுக்கென்று புட்டும் சம்பலும் கட்டி எடுத்துக்கொள்கிறார்.